கண்ணுக்குத் தடுக்கணும், பிரிண்டருக்கு விடணும்!

ரெசின் பிரிண்டருக்கு அக்ரிலிக் ஷீட் வாங்கறப்ப, "பளிச்சுனு இருக்கா"ன்னு மட்டும் பார்க்காதீங்க மக்களே. நம்ம கண்ணுக்குப் பளிங்கா தெரியற ஷீட், புற ஊதாவுக்குச் சுவரா இருக்கலாம். ஏன்னு புரிய, கண் ஆஸ்பத்திரி வழியா கொஞ்சம் வரலாறு பேசணும்.

இரண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ் விமானிகள் சிலரோட கண்ணுல, உடைஞ்ச விமானக் கூண்டோட பெர்ஸ்பெக்ஸ் (அதாங்க, அக்ரிலிக்) சில்லுகள் குத்தித் தங்கிடுச்சு. கண் அதைப் பெருசா எதிர்க்கலை. இதைக் கவனிச்ச டாக்டர் ஹரால்ட் ரிட்லி, 1949 நவம்பர் 29ல லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில, கண்புரை எடுத்த கண்ணுக்குள்ள அக்ரிலிக் லென்ஸ் வெச்சார்.

இந்த மாதிரி லென்ஸ் பல வருஷம் நம்ம ஏழைகளுக்கு எட்டாத இறக்குமதிச் சரக்கு. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976ல மதுரையில தொடங்கின அரவிந்த் கண் மருத்துவமனைதான், 1992ல ஆரோலேப் ஆரம்பிச்சு அதை இங்கயே செஞ்சு விலையை இறக்குச்சு. இது சின்ன விஷயம் இல்லீங்க. உயரம் 1000 மீட்டர் கூடினா புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடும். கண்புரைக்கு அதுவும் ஒரு காரணம். கொல்லிமலை மேல காட்டுல நாள் முழுக்க வேலை செய்யறவங்களை நினைச்சுப் பாருங்க.

ஆனா ஒரு சிக்கல். கண்ணோட சொந்த லென்ஸ், 400 நானோமீட்டருக்குக் கீழ உள்ள புற ஊதாவைப் பெரும்பாலும் தானே பிடிச்சு விழித்திரையைக் காப்பாத்தும். வெறும் அக்ரிலிக்கோ கிட்டத்தட்ட 300 வரைக்கும் உள்ள விட்டுடும்! அதனால 1980கள்ல லென்ஸ்ல புற ஊதா உறிஞ்சியைக் கலக்க ஆரம்பிச்சாங்க.

அதே காலத்துல எதிர்ப்பக்கம் ஒரு கூட்டம். 1981ல ஜப்பான்ல ஹிடியோ கோடாமா, ஒளியால ரெசினை இறுக வெச்சு அடுக்கடுக்கா பொருள் செய்யற முறையை வெளியிட்டார். 1986ல சக் ஹல் அமெரிக்காவுல காப்புரிமை வாங்கினார். இவங்களுக்குப் புற ஊதா உள்ள வந்தே ஆகணும்.

இன்னிக்குக் கடையில கிடைக்கற பல ஷீட்ல, வெயில்ல கெடாம இருக்க உறிஞ்சி கலந்திருக்கும். 405 நானோமீட்டர் விளக்குன்னா ஓரளவு தப்பிக்கும், 365ன்னா அடைச்சுடும். அதனால உங்க விளக்கோட அலைநீளத்துல எத்தனை சதவீதம் ஊடுருவும்னு அட்டவணை கேளுங்க. அது இல்லேன்னா, ஒரு சொட்டு ரெசினை ஷீட்டுக்கு அடியிலயும் இன்னொண்ணைத் திறந்தும் வெச்சு, அதே விளக்குல இறுகற நேரத்தை ஒப்பிடுங்க (கையுறை முக்கியம்). வெயில்ல வெச்சுப் பார்த்தா ஏமாந்துடுவீங்க, அதுல பல அலைநீளங்கள் கலந்திருக்கு.

பிரிண்டர் மேல இருக்கற ஆரஞ்சு மூடியும் பல மாடல்கள்ல அக்ரிலிக்தான். அது தடுக்கறதுக்காகவே வெச்சது. அதைக் கழட்டிட்டுத் தெளிவான ஷீட்டை மாட்டிடாதீங்க!