நயினாதீவுக் கல்வெட்டும் தீவக மக்களின் பங்கும்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. பொலநறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதை ஆராய்ந்து வெளியிட்டார். சிங்கள மன்னன் தமிழில் ஆணை பிறப்பித்தது இன்று சிலருக்கு வியப்பாக இருக்கலாம். துறைமுகத்தில் எந்த மொழி செல்லுபடியானதோ அந்த மொழியில் அவன் பேசினான் என்றே நான் கொள்கிறேன்.

பரதேசிகள் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும். யானையும் குதிரையும் ஏற்றி வந்த மரக்கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்கு ஏற்றிய கலமானால் சரிபாதி. இதுவே அதன் சாரம்.

அந்தப் பரதேசிகளின் இனத்தையோ சமயத்தையோ கல்வெட்டு சொல்லவில்லை. எனினும் அக்காலக் குதிரை வாணிபத்தில் அரபு, பாரசீக வணிகருக்கு இருந்த இடத்தை அறிந்தவர்கள், எம் முன்னோரில் சிலரும் அத்துறையில் இறங்கியிருக்கலாம் என எண்ணுவதில் தவறில்லை. நெடுந்தீவில் நிற்கும் பெருக்கமரம் அரபு வணிகர் கொண்டுவந்தது என்று வழங்கும் செவிவழிக் கதையும் இந்த நினைவைச் சார்ந்ததே.

என் மனதை உறுத்துவது வேறொன்று. மன்னனுக்குப் பங்கு உண்டு. வணிகனுக்குப் பங்கு உண்டு. உடைந்த கலத்திலிருந்து ஆட்களைக் கரையேற்றியிருக்கக்கூடிய தீவு மக்களுக்கு என்ன பங்கு? எஞ்சியுள்ள வரிகளில் அது இல்லை. இன்றைய சுற்றுலாவைப் பார்க்கும்போதும் இதே கேள்விதான் எழுகிறது.

2009இல் யுத்தம் முடிந்த பின்னர் தென்னிலங்கை யாத்திரீகர்கள் பெருந்தொகையாக வரத் தொடங்கினர். மணிபதித்த ஆசனத்துக்காகப் பொருதிய இரு நாக அரசர்களைச் சமாதானப்படுத்தப் புத்தர் நாகதீபம் வந்ததாக மகாவம்சம் கூறுகிறது. மணிமேகலை அமுதசுரபி பெற்ற மணிபல்லவமும் இதுவே என்பார் பலர். ஆக, விகாரையும் அம்மன் கோயிலும் அயலயலாக நிற்கும் இத்தீவுக்கு இரு திசையிலிருந்தும் சனம் வருகிறது.

பஸ் பண்ணை கடந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானை அடைகிறது. அங்கிருந்து படகு, இரு தலங்களையும் தரிசித்துவிட்டு அன்றே திரும்பிவிடுகிறார்கள். சமைத்த உணவையும் கூடவே கொண்டுவரும் குழுக்களைக் கண்டிருக்கிறேன். படகுக்காரருக்கும், ஒடியல், பனங்கட்டி, கருவாடு விற்போருக்கும் வருமானம் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் போயா தினத்திலும் ஆனித் திருவிழாவிலும் நிரம்பி வழியும் அதே இறங்குதுறையில்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நோயாளியும் காத்து நிற்கிறார்.

வருவோருக்குச் சொல்லப்படும் கதையிலும் பங்கீடு சரியாக இல்லை. நயினாதீவில் முஸ்லிம்களும் வாழ்ந்தார்கள், பள்ளிவாசலும் இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். வரலாற்றிலிருந்தும் வெளியேற்றப்படுவது இரண்டாவது இழப்பு.

நெடுந்தீவில் பயணிகள் காட்டுக்குதிரைகளையும் பவளக்கல் வேலிகளையும் படம் பிடிக்கிறார்கள். 1985 மே 15 அன்று அக்கடலில் குமுதினிப் படகில் குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டதை அறிந்தவர் அவர்களுள் எத்தனை பேர்? ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலுள்ள கடற்கோட்டையைச் சார்ந்து கடற்படையே விடுதி நடத்துகிறது. பண்டாரத்தின் பங்கு இன்றும் தவறவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது.

அயலிலுள்ள மாலைதீவைப் பாருங்கள். 1972இல் அங்கு முதலாவது உல்லாச விடுதி திறக்கப்பட்டது. பல தசாப்தங்களாக விடுதிகள் ஆளில்லாத் தீவுகளில் தனித்தே இருந்தன. ஊர்த்தீவு மக்கள் பெரும்பாலும் அங்கு கூலிக்குப் போய்வருவோராகவே இருந்தார்கள். 2009 அளவில் ஊர்த்தீவுகளிலும் விருந்தினர் இல்லம் நடத்தலாம் என விதி மாறியது. அதன் பிறகே சாதாரணக் குடும்பங்கள் தம் வீட்டு வாசலிலேயே தொழில் தொடங்க முடிந்தது. குப்பை, நெரிசல், கலாசார உரசல் என்ற தொல்லைகளும் கூடவே வந்தன. என்றாலும் அவற்றைப் பற்றிப் பேசும் உரிமை ஊராருக்கு இருந்தது.

நமது தீவகத்துக்கும் வேண்டியது இத்தகைய விதிகளே. ஒவ்வொரு படகிலும் ஊராருக்கு ஒதுக்கிய இருக்கைகள். குடிநீர் அரிதான மண்ணில் முதலில் ஊருக்குத் தண்ணீர். வருவோர் செலுத்தும் கட்டணத்தில் வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவுப் பிரதேச சபைகளுக்கு ஒரு குறித்த பங்கு. மூன்று மொழியிலும் எழுதிய, பள்ளிவாசலையும் குமுதினியையும் விட்டுவிடாத ஒரு வரலாற்றுப் பலகை. உடைந்த கலத்துக்கே பங்கு வகுத்தான் பராக்கிரமபாகு. நாள்தோறும் நிறைந்து வரும் படகுக்கு நாம் இன்னும் வகுக்கவில்லை.