பட்டம் மலையேற வேண்டும்

சேரிகளில் முதலில் பள்ளி திறந்தவர்களில் மிஷனரிகளும் உண்டு. அங்கே படித்த நம்மவர்கள் சிலர் அதே பள்ளிகளில் வாத்தியார்களாகவும் ஆனார்கள். பட்டதாரி ஆசிரியர் பயிற்சிக்கு, சென்னை வேப்பேரியில் பெண்களுக்கென புனித கிறிஸ்டோபர் கல்லூரி 1923இல் வந்தது; ராயப்பேட்டையில் மெஸ்டன் கல்லூரி 1937இல் வந்தது. ஆனால் அங்கே சேர முதலில் ஒரு பட்டம் வேண்டும். பிறகு வேலையை விட்டுவிட்டுப் பட்டணத்தில் தங்க வேண்டும். கூலிக்காரர் வீட்டிலிருந்து வந்த தொடக்கப்பள்ளி வாத்தியாருக்கு இரண்டுமே எட்டாதவை. விதியில் சாதி இல்லை, விளைவில் இருந்தது.

ஜவ்வாது மலையிலும் இதே கதைதான். அடிவாரத் திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரி 1951இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் மலையாளி பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் உண்டு உறைவிடப் பள்ளியின் ஆசிரியர் மேலே படிக்க இறங்கிவந்தால், அவர் வகுப்பை யார் பார்ப்பது?

பணியிலிருக்கும் தொடக்கக்கல்வி ஆசிரியர்கள் தொலைநிலையில் இரண்டாண்டு பி.எட். படிக்க 2014ஆம் ஆண்டின் தேசிய ஆசிரியர் கல்விக் குழும விதிகள் வழிவிட்டன. சம்பளத்தோடு விடுப்பும் கட்டண உதவியும் இல்லாவிட்டால் அது காகித உரிமைதான். விடுமுறைக்கால வகுப்புகளை ஜமுனாமரத்தூரிலேயே நடத்துங்கள் என்று கேட்கிறோம். நூறாண்டுக்கு முன் நம் வாத்தியார்கள் இழந்ததை மலை ஆசிரியர்களும் இழக்கக் கூடாது.