கல்கத்தாவில் விட்ட நத்தை

தொல்காப்பியர் நத்தைக்கு இரண்டே அறிவுதான் கொடுத்திருக்கிறார். உடம்பால் தொட்டறிவது ஒன்று. நாவால் சுவையறிவது இன்னொன்று. முகர்ந்தறியும் மூன்றாவது அறிவைக் கறையானுக்கும் எறும்புக்கும் வழங்கிவிட்டு, நத்தையை அவற்றுக்குக் கீழே உட்கார வைத்துவிட்டார். பாவம், அவர் ஐப்பசி மழையில் புளியந்தோப்பில் கீரை விதைத்துப் பார்த்தவரல்ல. கும்மிருட்டில், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, நேற்று முளைத்த கீரையைத் தேடிக்கொண்டு நேராக வந்து சேருகிற பிராணியை அவர் பார்த்திருந்தால் மூன்றாவது அறிவையும் சேர்த்தே எழுதியிருப்பார். நத்தைக்குக் கொம்பு நுனியில்தான் மூக்கு என்று இன்றைய விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்.

எங்கள் ஊரின் பெயரில் புளியும் உண்டு, தோப்பும் உண்டு. ஊரில் இரண்டும் இல்லை. ஓட்டேரி நாலாவும் பக்கிங்ஹாம் கால்வாயும் உண்டு. நாலு நாள் விடாமல் பெய்தால் எது தெரு, எது நாலா என்று சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அதைப் பற்றிச் சந்தேகமே எழவில்லை, எல்லாமே நாலாதான். இப்படிப்பட்ட பூமியில், ஒரு கயிற்றுக் கட்டில் போடுகிற அளவு மண் என் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறது. அதில் ஒரு முருங்கை, இரண்டு வாழை, என் சகதர்மிணியின் கீரைப்பாத்தி. மிச்சமெல்லாம் நத்தை.

இரண்டு ஜாதி வருகின்றன. ஒன்றுக்கு ஓடு கிடையாது. கறுத்துத் தடித்து, அறுந்த செருப்பின் தோல் துண்டு மாதிரி பூந்தொட்டிக்கு அடியில் ஒட்டிக் கிடக்கும். மற்றது பழுப்புக் கோடு போட்ட கூம்பு ஓட்டைச் சுமந்துகொண்டு, கைப்பிடியளவு பெரிதாக, சுவரில் ஏறி வரும். இரண்டுமே ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டவை. முதலாவது எப்போது கப்பலேறியது என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டாவதுக்கு ஆண்டு, ஊர், ஆசாமி மூன்றும் உண்டு. வந்தேறிப் பிராணிகளில் இத்தனை சுத்தமான தஸ்தாவேஜோடு வந்தது அபூர்வம்.

ஆசாமியின் பெயர் வில்லியம் ஹென்றி பென்சன். கம்பெனி ஆட்சியில் வங்காளத்து சிவில் உத்தியோகஸ்தர். மற்ற துரைமார்கள் புலி சுட்டுக்கொண்டிருந்தபோது இவர் நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார். இந்தியாவின் தரைநத்தைகளில் ஏராளமானவற்றுக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியவர் இவர்தான். ஆகவே நத்தையைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் என்று சொல்லித் தப்பவைக்க முடியாது. 1847-ஆம் ஆண்டு மொரீஷியஸிலிருந்து திரும்புகையில் உயிரோடு சில ஆப்பிரிக்க நத்தைகளைக் கொண்டுவந்தார். கல்கத்தாவில், சௌரிங்கியில், ஒரு தோட்டத்தில் அவை விடப்பட்டன. அவ்வளவுதான் விஷயம்.

மொரீஷியஸுக்கும் அது சொந்த ஊர் அல்ல. மார்ச்சளிக்கு நத்தை ரசம் கைகண்ட மருந்து என்று அந்தத் தீவுப் பக்கத்துக் கவர்னர் ஒருவர் தருவித்தார் என்று கதையாகச் சொல்வார்கள். 1936-இல் ஹவாய்க்கு அது போனது. அதுவும் வீட்டுத் தோட்டத்துக்காக. ஜப்பானியர் அதை உணவென்று பசிபிக் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். இந்த நத்தையைக் கெட்ட எண்ணத்தோடு கொண்டுபோனவர் ஒருவரும் இல்லை. ஒரு மணிக்கு ஐம்பது கஜம்கூட நகராத ஜீவன் பாதி உலகத்தைச் சுற்றிவந்தது முழுக்க முழுக்க மனிதர்களின் பிரியத்தால்தான்.

பிரியம் காட்டினவர்கள் அதன் குடும்ப விவகாரத்தை விசாரித்திருக்கலாம். ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணும் ஆனது. ஒரு தடவைக்கு நூறு முட்டைக்குக் குறையாது. சில சமயம் நானூறு. வெயில் வந்தால் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தூங்கும். ஐந்நூறுக்கு மேற்பட்ட செடிவகைகளைத் தின்னும். செடி அலுத்தால் ஓட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டுமென்று வீட்டுச் சுவரைச் சுரண்டும். பொங்கலுக்கு வெள்ளையடித்த என் பின்கட்டுச் சுவர் மாசி மாதத்துச் சுவராக மாறுவது இப்படித்தான்.

ஹவாய்க்காரர்கள் சமர்த்தர்கள். நத்தையைத் தின்னும் நத்தை ஒன்று அமெரிக்காவின் பிளாரிடா பக்கத்தில் இருக்கிறதென்று அறிந்து, 1955-இல் அதை வரவழைத்தார்கள். அந்த யோசனை பிறகு டஹீடி, மோரியா தீவுகளுக்கும் பரவியது. வந்த வேட்டைக்கார நத்தை பெரிய ஆப்பிரிக்க நத்தையைப் பார்த்தது; அதைவிட வாகாக, உள்ளூரில் மரத்தில் வாழ்ந்த சின்னஞ்சிறு நத்தைகளையும் பார்த்தது. எதை முதலில் தின்றிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1977-இல் மோரியாவில் அதை விட்டார்கள். பத்தே வருஷத்தில் அங்கிருந்த மரநத்தை இனங்கள் காட்டில் இல்லை. அந்த ஓடுகளைக் கோத்து மாலை கட்டிய பெண்களுக்கு ஓடும் இல்லாமல் போயிற்று. லண்டன் முதலிய மிருகக்காட்சி சாலைகளில் எஞ்சியவற்றைப் பெட்டிக்குள் வைத்துப் பிள்ளைபோல் வளர்த்து, 2015 முதல் திரும்பக் கொண்டுபோய் விட்டுவருகிறார்கள். கீரையைத் தின்றது போகட்டும். இதைப் படித்த இரவு எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

மயாமி நகரத்துக் கதை தேவலை. 1966-இல் ஒரு பையன் ஹவாயிலிருந்து மூன்று நத்தைகளைச் சட்டைக்குள் வைக்காத குறையாகக் கொண்டுவந்தான். பாட்டி திட்டித் தோட்டத்தில் விட்டுவிட்டாள். ஏழு வருஷத்தில் மூன்று பதினெட்டாயிரம் ஆயிற்று. ஒழிக்கப் பத்து வருஷமும் பத்து லட்சம் டாலரும் ஆயின. 2011-இல் மறுபடி வந்து, பத்து வருஷம் நாயை விட்டு மோப்பம் பிடித்துப் பொறுக்கினார்கள். அமெரிக்க சர்க்காருக்கே கடைசியில் பொறுக்குவதுதான் கதியென்றால் புளியந்தோப்பு எம்மாத்திரம்?

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் பி அண்டு சி மில்லில், அது மூடுகிறவரை, தறி ஓட்டியவர். "உப்பைத் தூவு சார், சுருண்டுடும்" என்பார். சுருளும், வாஸ்தவம். உப்பு விழுந்த மண்ணில் கீரையும் சுருளும். அடுப்புச் சாம்பல் முதல் தூறல்வரை காவல் காக்கும். முட்டை ஓட்டுத் தூளை அவை சாவகாசமாகக் கடந்துபோவதை நான் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன். மேனாட்டார் கிண்ணத்தில் பீர் ஊற்றிப் புதைக்கச் சொல்கிறார்கள். புளித்த வாசனைக்கு வந்து விழுமாம். நத்தைக்காக வாங்குகிறேன் என்று கடை வாசலில் நின்று சொன்னால் இந்தப் பேட்டையில் யார் நம்புவார்கள்? மருந்துக்கடை விஷ உருண்டையை நாய் தின்றால் நாயும் போய்விடும்.

பலிப்பது ஒன்றே. பழைய கோணிச்சாக்கை நனைத்து, அடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ போட்டு, அந்தியில் பாத்தி ஓரம் விரித்துவிட வேண்டும். விடியுமுன் புரட்டினால் மாநாடு கூடியிருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடலாம். வெறுங்கை கூடாது. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு நத்தையின் வழியாக மனிதனுக்கு வந்து மூளையுறையைத் தாக்கக்கூடும். நத்தை ஊர்ந்த கீரையை நன்றாக அலசி, வேகவைத்தே சாப்பிட வேண்டும். பச்சை இலையை நறுக்கித் தட்டில் வைக்கிற புது நாகரிகம் எங்கள் வீட்டில் நின்றுபோனது இதனால்தான்.

பென்சன் துரையின் கதையைப் பெரியவருக்கு ஒருநாள் விடியற்காலை, இருவருமாகக் கோணியைப் புரட்டும்போது சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"இப்ப எங்க இருக்கிறாரு?"

"1870-லேயே செத்துப்போயிட்டாருங்க."

"அதானே பார்த்தேன்" என்று வாளியை என் பக்கம் தள்ளினார்.