குர்துபா வீதிகளில்

அந்தலுஸின் தலைநகராய் விளங்கிய குர்துபாவைப் பற்றி நம்மவர் எழுதும்போது பெருமையும் பெருமூச்சும் கலந்தே வரும். இன்று கோர்தோபா என வழங்கும் அந்த ஸ்பானிய நகரை நண்பர் மூவருடன் நாம் கால்நடையாகச் சுற்றிப் பார்த்தோம். பெருமூச்சுக்கு அப்பாலும் அங்கே கற்க வேண்டியது உண்டு.

தென்கரையிலிருந்து ரோமானியர் காலப் பாலத்தைக் கடந்தோம். கீழே ஓடுவது குவாதல்கிவிர் ஆறு. அரபி கற்றவர் செவியில் அது ‘அல்வாதில் கபீர்’, அதாவது பேராறு என்றே ஒலிக்கும். ஆட்சி மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகியும் பெயர் மறையவில்லை.

பாலத்தின் வடமுனை பெரிய பள்ளிவாசலுக்கு இட்டுச் செல்கிறது. கி.பி. 786 அளவில் முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கிய இப்பணியைப் பின்வந்தோர் இரு நூற்றாண்டுக் காலம் விரிவாக்கினர். 856 தூண்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றுள் பல, பழைய ரோமானிய, விசிகோத்தியக் கட்டடங்களிலிருந்து எடுக்கப்பட்டவை.

1236-இல் மூன்றாம் பெர்தினாந்து நகரைக் கைப்பற்றியபின் பள்ளிவாசல் தேவாலயமாயிற்று. ஆயினும் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் அதன் உருவம் பெரும்பாலும் குலையவில்லை. 1523-இல் நடுப்பகுதியை இடித்து உயர்ந்த ஆலயம் எழுப்ப ஆயர் முனைந்தபோது, நகர மன்றம் வெகுண்டெழுந்தது. இடிப்பு வேலையில் ஈடுபடுவோருக்கு மரண தண்டனை என அறிவித்தது. பேரரசர் ஐந்தாம் சார்லஸ் ஆயர் பக்கம் தீர்ப்பளித்ததால் தூண்கள் வீழ்ந்தன. எனினும், அப்பள்ளிக்காக வாதாடியவர்கள் கிறிஸ்தவ நகரத்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

“இத்தனை செல்வத்தையும் நாம் இழந்தது யாரால்?” என நண்பர் ஒருவர் வினவினார். விடை சில தெருக்களுக்கு அப்பால் இருந்தது.

பழைய யூதச் சேரியின் குறுகிய சந்துகளில் 1315-இல் கட்டப்பட்ட யூத ஆலயமும், மூஸா இப்னு மைமூனின் சிலையும் உள்ளன. இந்நகரில் பிறந்த அந்த மேதையின் குடும்பம், 1148-இல் முவஹ்ஹிதூன்கள் நகரைக் கைப்பற்றியபின் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. அப்பால் நகர மதிலோரம் இப்னு ருஷ்தின் சிலை அமர்ந்திருக்கிறது. 1126-இல் பிறந்து, பாட்டனாரைப் போலவே இவ்வூரின் காழியாகவும் விளங்கியவர் அவர். ‘பிதாயத்துல் முஜ்தஹித்’ என்னும் அவருடைய சட்ட நூலை மார்க்க அறிஞர்கள் இன்றும் போற்றுகின்றனர். அவரையே 1195-இல் முவஹ்ஹிதூன் கலீபா நாடு கடத்தினார். அவருடைய தத்துவ நூல்கள் தீயிலிடப்பட்டன. அரிஸ்டாட்டிலுக்கு அவர் வரைந்த உரைகளுள் சில, ஹீப்ரு, லத்தீன் மொழிபெயர்ப்புகளாக மட்டுமே உலகுக்குக் கிடைத்துள்ளன. நம்மவர் எரித்ததைப் பிறர் காத்துக் கொடுத்தனர்.

இறுதியில் மன்னிப்புப் பெற்ற இப்னு ருஷ்த், 1198-இல் மராக்கிஷில் மறைந்தார். பின்னர் அவருடைய உடல் குர்துபாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வாகன மிருகத்தின் ஒருபுறம் அவருடைய உடலும், மறுபுறம் அதற்கு ஈடாக அவர் இயற்றிய நூல்களும் ஏற்றப்பட்டிருந்ததை இப்னு அரபி கண்டு எழுதி வைத்துள்ளார்.

குர்துபாவின் வீழ்ச்சியை 1236-இலிருந்து எண்ணுவது நம் வழக்கம். சிலையின் முன் நின்ற நமக்கோ, நூல்கள் எரிந்த 1195-இலிருந்தே எண்ண வேண்டும் எனத் தோன்றியது.