அவித்த நெல் காத்த கால்கள்

புதுச்சேரியின் தேங்காய்த்திட்டுப் பக்கம் மதியச் சாப்பாடு என்றால் புழுங்கல் அரிசிச் சோறும் மீன் குழம்பும்தான். பொங்கலுக்கும் படையலுக்கும் கொழுக்கட்டைக்கும் பச்சரிசி. அன்றாடம் உலையில் விழுவது புழுங்கல். புதுச்சேரிக்கும் அதைச் சுற்றியுள்ள தமிழ் மாவட்டங்களுக்கும் பொதுவான இந்த வழக்கம் ஒரு கொடிய நோய்க்குக் குறுக்கே நின்றிருக்கிறது. அதை மருத்துவ உலகம் கண்டுகொண்டது கடல் கடந்த மலேயாவில்.

அந்த நோயின் பெயர் பெரிபெரி. முதலில் கால் மரத்துப்போகும். பிறகு வீங்கும், நடை தள்ளாடும், முற்றினால் இதயமே நின்றுவிடும். நீராவி ஆலைகள் வந்து, தவிடு முழுக்க நீங்கிய வெள்ளை அரிசி மலிவாகக் கிடைத்தபோது, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆசியாவின் சிறைகளிலும் சுரங்கங்களிலும் அது பரவியது.

மலேயாவின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி அங்கே போன தமிழ்க் கூலிகளோ பெரும்பாலும் தப்பினார்கள். வேலை கடினம், குடியிருப்பு மோசம், கூலி சொற்பம். அப்படியிருந்தும் இந்த ஒரு நோய் அவர்களை அதிகம் அண்டவில்லை. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லெனார்ட் பிராடன் தட்டுகளைக் கவனித்தார். சீனர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி. மலாய்க்காரர்கள் உண்டது வீட்டிலேயே அவ்வப்போது குத்திய அரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கல். 1907இல் வெளியான தம் நூலில் நோய்க்குக் காரணம் அரிசிதான் என்று அவர் வாதிட்டார். அந்த அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்பது அவருடைய ஊகம். அது தவறாயிற்று, ஆனால் தட்டுகளைப் பற்றி அவர் சொன்னது சரி.

அதற்குள் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் நேரடியாகச் சோதித்துப் பார்த்திருந்தார். உள்நோயாளிகளில் ஒரு பாதிக்குப் பச்சரிசி, மறுபாதிக்குப் புழுங்கல். பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் உண்டவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? நெல்லை ஊறவைத்து, பெரிய அண்டாக்களில் உமியோடு அவித்து, களத்தில் காயவைத்து, பிறகு குத்தினால் கிடைப்பது புழுங்கல் அரிசி. வீட்டுப் பெண்களும் நெல் அவிக்கும் கூலிப்பெண்களும் செய்துவந்த வேலை இது. அவித்த நெல் குத்தும்போது அதிகம் நொறுங்காது, நொய் குறையும் என்பது அவர்கள் அறிந்த லாபம். அறியாத லாபம் ஒன்றும் இருந்தது. வைட்டமின் பி1 என்னும் தயமின் பெரும்பாலும் தவிட்டிலும் முளைக்கருவிலும் இருக்கிறது. அது நீரில் கரையும். நெல் அவியும்போது அது அரிசியின் உள்ளுக்கு இறங்கி அங்கேயே தங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் கழுவினாலும் பச்சரிசியில் போகிற அளவுக்குப் போவதில்லை.

மலேயா ஆய்வுகளுக்கு முன்பே ஜாவாவில் மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் முடங்குவதையும் தவிடு கொடுத்தால் எழுவதையும் கண்டிருந்தார். அதற்காக 1929இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். 1912இல் இத்தகைய சத்துகளுக்குக் காசிமிர் ஃபங்க் 'வைட்டமின்' என்ற பெயரைச் சூட்டினார். 1926இல் யான்சன், டோனாத் என்ற ஆய்வாளர்கள் அரிசித் தவிட்டிலிருந்து பி1ஐப் பிரித்தெடுத்தார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இந்த வரலாற்றில் ஒரு முகவரி உண்டு: நீலகிரியின் குன்னூர். அங்குள்ள பாஸ்டர் நிலையத்தில் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வு, பின்னாளில் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்தது. சென்னை மாகாணத்தில் பெரிபெரி எங்கே இருக்கிறது என்று அவர் தேடினார். அது வடக்கே, ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட தெலுங்குக் கடற்கரையில் குவிந்திருந்தது; புழுங்கல் உண்ட தமிழ்ப் பகுதிகளில் அரிதாகவே தென்பட்டது. ஒரே அரசு, ஒரே வறுமை, அரிசி மட்டும் வேறு. 1935இல் அவருக்குப் பின் வந்த அய்க்ராய்டும் அரிசியையே தொடர்ந்து ஆராய்ந்தார். 1958இல் அந்தக் கூடம் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்தது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதன் தொடர்ச்சி.

புழுங்கல் எல்லா நோயிலிருந்தும் காத்துவிடவில்லை. கருவுற்ற பெண்களின் ரத்தசோகையை ஆராய 1928இல் பம்பாய் வந்த லூசி வில்ஸ், பிறகு குன்னூரிலும் பணியாற்றினார். ஈஸ்ட் சாற்றால் அந்தச் சோகை தீர்வதை 1931இல் அறிவித்தார். அந்தச் சாற்றில் இருந்தது பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்ட இன்னொரு பி வைட்டமின். கீரையிலும் பயறிலும் நிறைய உண்டு, சோற்றில் சொற்பம். பி12 எந்த அரிசியிலும் இல்லை. மீன், முட்டை, பால், இறைச்சி வழியாகத்தான் வரவேண்டும். கால் மரப்புக்கு அதன் குறைவும் காரணமாகலாம் என்பதால், மரப்பு நீடித்தால் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

ரேஷன் கடைகளுக்கென அரசு கொண்டுவந்த செறிவூட்டிய அரிசியில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றும் கட்டாயம் சேர்க்கப்பட்டன. தயமின் அந்தக் கட்டாயப் பட்டியலில் இருக்கவில்லை. அதற்கு நம்பிக்கை இன்னமும் நெல் அவிக்கும் ஆலையும், அளவாகத் தீட்டும் கையும், அரிசியை மூன்று முறை அலசிக் கஞ்சியையும் வடித்துக் கொட்டாத சமையலும்தான்.