உடன்படிக்கையின் மொழியில் அன்பு: தோராக் கட்டளைகளும் இந்திய யூதரும்

டெல்லியின் சாணக்யபுரி, நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தங்களை நம்பி எழுந்த பகுதி. 1950களில் தூதரகங்களுக்கென்றே உருவாக்கப்பட்ட அதற்கு, அர்த்தசாத்திரத்தின் ஆசிரியராக மரபு போற்றும் சாணக்கியரின் பெயர் பொருத்தமானதே. அந்நூலின் ஏழாம் அதிகரணம் ஒரு கேள்வியை எழுப்புகிறது: இரு அரசர் செய்துகொண்ட சந்தி எதனால் நிலைக்கும்? வாக்கும் சத்தியமும் நிலையற்றவை, பிணையாள்தான் உறுதி என்றனர் முந்தைய ஆசான்கள். கௌடில்யர் என்றும் அழைக்கப்படும் சாணக்கியர் மறுக்கிறார். பிணை இம்மைக்கு மட்டுமே, அதுவும் வலிமையைப் பொறுத்தது. சத்தியம் இம்மைக்கும் மறுமைக்கும் கட்டும் என்பது அவர் கட்சி. அதிகாரத்தை இவ்வளவு நுணுக்கமாக எடைபோட்ட நூலே அதிகாரத்துக்கு அப்பாற்பட்ட ஒரு பிணைப்பைத் தேடுகிறது. யூதர் தம் கட்டளைகளுக்கு ஏன் கீழ்ப்படிந்தனர் என்பதை ஆராய இந்தக் கேள்வியே நல்ல தொடக்கம்.

யூதரின் மறைநூலான தோராவில், உபாகமம் 6ஆம் அதிகாரத்தில் வரும் ஷெமா என்னும் தொழுகை, இறைவன் ஒருவனே என்று அறிவித்த கையோடு, அவனை முழு நெஞ்சோடும் உயிரோடும் வலிமையோடும் அன்பு செய்யச் சொல்கிறது. அடுத்த வரிகள் உணர்ச்சியைப் பற்றிப் பேசவில்லை. பிள்ளைகளுக்குக் கற்பி, கையில் கட்டு, நிலைக்கதவில் எழுது என்று செயல்களை அடுக்குகின்றன. பத்துக் கட்டளைகளிலும் இறைவனிடம் அன்புகூர்வதும் அவன் கட்டளைகளைக் கைக்கொள்வதும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. பிற்காலத்தில் ரப்பி சிம்லாய் கட்டளைகளை 613 என்று கணக்கிட்டதாகத் தல்மூத் கூறும். இத்தனை விதிகளுக்குள் அன்புக்கு எங்கே இடம் என்று கேட்கத் தோன்றும்.

தமிழ் வாசகருக்கு இக்கேள்வி இன்னும் கூர்மையாக எழும். கண்ணப்பர் கதையில் வளர்ந்தவர்கள் நாம். ஆகம விதி வழுவாத சிவகோசரியார் ஒருபுறம், வாயில் நீர் சுமந்து இறைச்சி படைத்த திண்ணனார் மறுபுறம். இறைவன் யார் பக்கம் என்பதில் சேக்கிழாருக்கு ஐயமில்லை. விதியை மீறும் இடத்தில்தான் அன்பு வெளிப்படும் என்ற எண்ணம் அப்படியே நம் மனத்தில் ஊறிவிட்டது. பவுலின் கடிதங்களைத் தமிழில் படித்த கிறித்தவ வாசகரும், வேறு வழியில், நியாயப்பிரமாணத்தையும் கிருபையையும் எதிரெதிரே நிறுத்தப் பழகியவர். இந்த அளவுகோலைத் தோராவின் மீது வைத்தால் யூத சமயம் அன்பற்ற சட்டப் புத்தகமாகத்தான் தெரியும். அப்படி வைப்பது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். தோராவில் கீழ்ப்படிதல் அன்பின் எதிரியும் அல்ல, அன்புக்குத் தரும் விலையும் அல்ல. அன்பு அங்கே எடுத்துக்கொள்ளும் உருவமே அதுதான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1963இல் விவிலிய ஆய்வாளர் வில்லியம் மோரன் எழுதிய கட்டுரை, உபாகமம் கேட்கும் அன்பைப் பண்டைய மேற்காசிய அரசியல் ஒப்பந்தங்களோடு ஒப்பிட்டது. கி.மு. 672இல் அசீரியப் பேரரசன் எசர்ஹத்தோன் தன் வாரிசு அசுர்பனிபாலை நேசிக்குமாறு சிற்றரசர்களைச் சத்தியம் செய்ய வைத்தான். அந்த நேசம் நெஞ்சுருக்கம் அல்ல. கப்பம் கட்டுவது, கலகம் செய்யாதிருப்பது. இஸ்ரவேலும் இந்த மொழியை எடுத்துத் தன் இறைவனைப் பேரரசனாக்கிப் பேசியது என்றார் மோரன். அவர் காட்டிய ஒற்றுமைகளை மறுக்க முடியாது. அன்பை ஒருவர் எப்படிக் கட்டளையிட முடியும் என்ற பழைய புதிரையும் அவை பெருமளவு அவிழ்க்கின்றன. ஆனால் எசர்ஹத்தோன் தன் சிற்றரசர்களைத் தான் நேசிப்பதால் தேர்ந்தெடுக்கவில்லை. உபாகமம் 7ஆம் அதிகாரமோ, மக்களுள் மிகச் சிறியவர்களாக இருந்தவர்களை இறைவன் அன்பினாலேயே தேர்ந்தான் என்கிறது. அன்பு முதலில் மேலிருந்து வருகிறது. கட்டளை அதற்குப் பின்னர். இரண்டாவது வேறுபாடு இதைவிட முக்கியம். ஒப்பந்தத்தின் பின்னால் படை நிற்கும். படை அழிந்தால் ஒப்பந்தமும் அழியும். நினிவே வீழ்ந்தபின் அசுர்பனிபாலை யாரும் நேசித்துக்கொண்டிருக்கவில்லை.

எருசலேம் வீழ்ந்தபின் நடந்தது வேறு. அதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு.

கொங்கணக் கடற்கரையின் பெனே இஸ்ரேல் மக்கள், கப்பல் உடைந்து நவ்காவ் அருகே கரையேறிய ஏழு ஆண்கள், ஏழு பெண்களின் வழித்தோன்றல்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்வர். நூல்கள் கடலோடு போயின. எபிரேயம் மறந்தது. ரப்பி இல்லை, தொழுகைக்கூடம் இல்லை, தண்டிக்க நீதிமன்றமும் இல்லை. எஞ்சியவை சில செயல்கள்: எட்டாம் நாள் விருத்தசேதனம், செதிலும் துடுப்பும் உள்ள மீனை மட்டும் உண்பது, ஓய்வுநாள். செக்காட்டிப் பிழைத்த அவர்கள் சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் ஊரார் ‘ஷனிவார் தேலி’ என்றழைத்தனர். நினைவில் நின்ற தொழுகையோ ஷெமாவின் தொடக்கம். பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாச் சடங்கிலும் அதையே சொன்னார்கள். தாவீது ரஹாபி என்பவர் வந்து, பெண்களிடம் பலவகை மீன்களைக் கொடுத்துச் சோதித்தார் என்றும், அவர்கள் விலக்க வேண்டியவற்றை விலக்கிவிட்டுச் சமைக்கப் புகுந்ததைக் கண்டே அவர்களை யூதர் என்று அறிந்தார் என்றும் அம்மக்களின் மரபு சொல்லும். ரஹாபியின் காலம் பற்றி ஆய்வாளரிடையே உடன்பாடில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது, ஒரு சமூகம் தன் விசுவாசத்தின் சான்றாக அறிக்கையையோ நூலையோ காட்டாமல் அடுக்களையைக் காட்டுகிறது என்பது.

இது வெறும் சாதி வழக்கம் என்று சமூகவியலார் சொல்லக்கூடும். ஒவ்வொரு குழுவும் எதை உண்பது, எந்நாள் ஓய்வது என்று எல்லை வகுத்து வாழ்ந்த மண்ணில் யூதரும் ஒரு சாதியாக நிலைத்தனர்; அதில் அன்பு எங்கே வந்தது? இந்த விளக்கத்தில் உண்மை இருக்கிறது. கொச்சி யூதரை ஆராய்ந்த நேதன் கேட்ஸும் எல்லன் கோல்ட்பர்க்கும், பாஸ்கா பண்டிகைக்காக அரிசியை மணிமணியாகப் பார்த்துப் பொறுக்கி, தனிப் பாத்திரம் ஒதுக்கி, வீட்டைத் தூய்மை செய்யும் அக்கறையில், சுற்றியிருந்த உயர்சாதியினரின் ஆசாரத்தோடு ஓர் ஒத்திசைவைக் கண்டனர். சூழல் ஒரு கட்டளைக்கு அழுத்தம் கூட்டும். கட்டளையை அது பெற்றெடுப்பதில்லை. பெனே இஸ்ரேல் மக்களின் மலிதாச் சடங்கைப் பாருங்கள். அவலும் தேங்காயும் பழமும் தட்டில் வைத்து, எலியா தீர்க்கதரிசியை நினைந்து, நேர்ந்த வரத்துக்கு நன்றி சொல்கிறார்கள். அவல் கொங்கணத்தது, நன்றி யாருக்கு என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை.

யூத சிந்தனையாளர்களே விதிக்கும் அன்புக்கும் உள்ள உறவை நம்மைவிடக் கடுமையாகச் சோதித்தவர்கள். கூலி கருதி உழைக்கும் பணியாளரைப் போல இறைவனுக்கு ஊழியம் செய்ய வேண்டாம் என்றார் சோக்கோவின் அன்டிகோனஸ். மறுமைப் பயனுக்காகவோ சாபத்துக்கு அஞ்சியோ கட்டளையைக் கைக்கொள்பவர் பயிற்சி நிலையில்தான் இருக்கிறார் என்பது 12ஆம் நூற்றாண்டின் மைமோனிடீஸ் கருத்து. அவருக்கு அன்பு அறிவோடு சேர்ந்து வளர்வது, படைப்பைச் சிந்திக்கச் சிந்திக்க மிகுவது. தொடக்கத்தில் அச்சத்தால் செய்தாலும் செய்துகொண்டே இருந்தால் அன்பில் சென்றடையலாம் என்ற இந்த உளவியலில் ஆழ்ந்த மனித நேயத்தைக் காண்கிறேன். உணர்ச்சி வற்றிய நாளிலும் அன்பு செய்ய ஒரு வழியை அது திறந்து வைக்கிறது.

ஆனாலும் கீழ்ப்படிதல் உள்ளீடற்றுப் போகும் என்பதையும் இந்திய யூத வரலாறே காட்டுகிறது. 1568இல் எழுந்த கொச்சி மட்டாஞ்சேரி பரதேசித் தொழுகைக்கூடத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குச் சமமான இடம் மறுக்கப்பட்டது. ஓய்வுநாளை நுணுக்கமாகப் பேணியவர்களே இதைச் செய்தனர். அக்குழுவில் பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967) சத்தியாக்கிரக வழியில் இதை எதிர்த்தார். ‘யூத காந்தி’ என்ற பெயர் அப்படி வந்தது. அவர் சமயத்தைத் துறக்கவில்லை; தமக்கு இடம் மறுத்த அதே கூடத்தில் தொழும் உரிமையைத்தான் கேட்டார். அவர் பக்கம் தோராவே நின்றது. உபாகமம் 10ஆம் அதிகாரம், இறைவனை அன்பு செய்து கட்டளைகளைக் கைக்கொள்ளச் சொல்லிவிட்டு, சில வரிகளுக்குள், எகிப்தில் அந்நியராக இருந்ததை நினைத்து அந்நியரை அன்பு செய்யுமாறு பணிக்கிறது. கண்ணப்பர் கதையில் அன்பு விதிக்கு வெளியிலிருந்து வந்து அதைத் தோற்கடிக்கிறது. சேலத்தின் போராட்டத்தில் விதியே, தன்னைக் காப்பதாகச் சொன்னவர்களை அன்பின்மைக்காகக் கண்டித்தது.

சாணக்யபுரியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், ஹுமாயூன் சாலையில் 1956இல் கட்டப்பட்ட ஜூடா ஹயாம் தொழுகைக்கூடம் இருக்கிறது. டெல்லியில் யூதக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வெள்ளி மாலைத் தொழுகையில் உள்ளூராரோடு தூதரகப் பணியாளரும் பயணிகளும் அமர்கிறார்கள். பழமை பேணும் கூடங்களில் உள்ளதுபோல ஆண்களையும் பெண்களையும் பிரிக்கும் தடுப்பு இங்கில்லை. கட்டளையைத் தளர்த்தலாகாது என்போர் இதை ஏற்கமாட்டார்கள். அவர்கள் அச்சம் நியாயமானது, ஏனெனில் வசதிக்காக விட்டதையும் அன்பு என்று பெயரிட்டு விடலாம். டெல்லியில் நடப்பது அதுவல்ல என்று நான் கருதுகிறேன். வசதி தேடியிருந்தால் தொழுகையையே எப்போதோ கைவிட்டிருக்கலாம்; எந்த அரசும் எந்த அண்டைவீட்டாரும் கேட்டிருக்கப் போவதில்லை. வாரந்தோறும் கூடுமாறு அவர்களைக் கட்டாயப்படுத்தப் பிணையாளும் இல்லை, படையும் இல்லை. கௌடில்யர் தேடிய உறுதி இங்கே ஒரு சிறு குழுவின் வெள்ளிக்கிழமைகளில் இயங்கிக்கொண்டிருக்கிறது.