கங்காணியின் கண்ணும் கைப்பேசியும்

கிள்ளான் வட்டாரத்தில் 1941ஆம் ஆண்டு நிகழ்ந்த தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கூலியைப் பற்றியே பேசுவர். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி வேண்டும் என்பது தலையாய கோரிக்கைதான். ஆயினும், உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. கூலி கேட்டவன் விருந்தாளியை ஏன் கேட்டான்?

தோட்டம் தனியார் நிலம். அங்கே நுழைய நிர்வாகத்தின் இசைவு வேண்டும். லயத்துக்கு யார் வந்தார், என்ன பேசினார் என்பது கங்காணி, கிராணி வழியாகத் துரையின் செவிக்கு எட்டிவிடும். கண்காணிக்கப்படுவோர் கூடுவதில்லை, கூடாதவர்க்குச் சங்கமும் இல்லை. இதனை நம் முன்னோர் ஏட்டுக்கல்வி இன்றியே உணர்ந்திருந்தனர்.

‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வாயிலாக அவர்களை ஒன்று திரட்டினார். 1941 மே மாதம் அவர் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடுகடத்தப்பட்டார். கிளர்ச்சி மூண்டது, சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர் நீத்தனர். 1948 சூனில் மலாயா முழுவதும் அவசரகாலம் பிறந்தபொழுது, பன்னிரண்டு வயது நிரம்பியோர் அனைவர்க்கும் நிழற்படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமாயிற்று. கங்காணியின் நினைவில் இருந்த பெயர், அரசின் ஏட்டில் ஏறிற்று.

இன்று அந்த ஏடு நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. 2013ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலையொட்டி, வேட்பாளர் பட்டியல் என்னும் தோற்றத்தில் மலாய்மொழி ஆவணம் ஒன்று உலவியது. அதனுள் ‘பின்ஃபிஷர்’ என்னும் உளவுமென்பொருள் பொதிந்திருந்ததைத் தொரொந்தோ பல்கலைக்கழகத்தின் ‘சிட்டிசன் லேப்’ ஆய்வாளர் கண்டறிந்தனர். அதனை ஏவியவர் யாரென்று அவர்கள் அறுதியிட்டுக் கூறவில்லை. அன்றைய கங்காணிக்கு முகம் இருந்தது; இன்றைய கங்காணிக்கு அதுவும் இல்லை.

நாட்டின் பாதுகாப்புக்குக் காவல் வேண்டாமா எனச் சிலர் வினவலாம். வேண்டும், ஆனால் காவலுக்கும் ஒரு காவல் வேண்டும். பாதுகாப்புக் குற்றங்கள் தொடர்பான 2012ஆம் ஆண்டுச் சிறப்புச் சட்டம், நீதிமன்ற ஆணையின்றியே, அரசு வழக்குரைஞரின் அனுமதியுடன் தகவல் தொடர்புகளை இடைமறிக்க வழிசெய்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கான 2010ஆம் ஆண்டுச் சட்டமோ அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் தோட்டத்துப் பெற்றோர் வீட்டுடைமை குறித்து வாட்சாப் குழுவொன்றில் உரையாடி வந்தனர். யாரோ ஒருவர் அவ்வுரையாடலைப் படமெடுத்து வெளியே கொடுத்துவிட்டார். எவரும் எவரையும் மிரட்டவில்லை. ஆயினும் மறுநாள் முதல் குழுவில் வாழ்த்துச் செய்திகளைத் தவிர வேறொன்றும் வரவில்லை. மீண்டும் வீடு வீடாகச் சென்று பேசிக் கூட்டம் சேர்க்க எங்களுக்கு நான்கு மாதங்கள் ஆயின.

ஆசிரிய நண்பர்களே, அறியாதவர் அனுப்பும் கோப்பைத் திறவாதிருக்க மாணாக்கர்க்குக் கற்பிப்போம். அதனோடு, 1941இல் கிள்ளான் தொழிலாளி கேட்டது கூலி உயர்வை மட்டும் அன்று, அஞ்சாமல் கூடிப் பேசும் உரிமையையும் என்பதைச் சேர்த்தே கற்பிப்போம்.